இரண்டாவது காது

நசரத்பேட்டை மண்டபத்தில் ஒரு காதுகுத்து. எட்டாவதோடு படிப்பை விட்டு ஊர் ஊராகச் சுற்றிய நான், அப்போது ஒரு போட்டோக்காரரிடம் வேலைக்கு இருந்தேன். மேடையைச் சுற்றி அரை வட்டமாகப் பதினாறு சின்னக் கேமராக்கள். எல்லாம் ஒரே நொடியில் படம் பிடித்தால், உறைந்து நிற்கும் குழந்தையைத் திரையில் சுற்றிக் காட்டலாம்.

ஆசாரி முதல் காதைக் குத்தினார். தாய்மாமன் மடியிலிருந்த மூன்று வயதுப் பெண் வீறிட்டாள். பட்டனை அழுத்தினேன். பாதிக் கேமராக்கள் அணைந்துவிட்டன.

"இன்னா நைனா, காலைல எல்லாம் ஓடிச்சே!" என்றார் முதலாளி.

காலையில் ஒவ்வொன்றாகத்தான் சோதித்திருந்தேன். எல்லாவற்றுக்கும் ஒரே லேப்டாப்பிலிருந்து யூஎஸ்பி வழியாகக் கரண்ட். சேர்ந்து இழுத்ததும் தாங்கவில்லை.

"அடாப்டர் போட்டா சரியாயிடும்," என்றேன்.

"சூட்டோட சூடா குத்திடணும் சார். ஆறவுட்டா புள்ள உஷாராயிடும்," என்றார் ஆசாரி.

"இருங்க, இன்னொரு காது இருக்கில்ல," என்றார் குழந்தையின் அப்பா.

எல்லோரும் எனக்காகக் காத்திருந்தார்கள். நான் வயர்களைப் பிரித்து, தனித்தனி அடாப்டர்களில் மாட்டினேன். அதற்குள் குழந்தைக்கு எல்லாம் புரிந்துவிட்டது. குத்தாத காதை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். கையை விலக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.

இந்த முறை பதினாறும் வேலை செய்தன. திரையில் அவள் அலறல் சத்தமில்லாமல் சுழன்றது. மண்டபம் கைதட்டியது.

அந்தக் கோளாறு மட்டும் எனக்குப் பிடிபடாமல் போயிருந்தால், ஆசாரி அப்போதே குத்தி முடித்திருப்பார்.