இரண்டாவது டின்

எங்கள் வீட்டில் அரிசி டின் இரண்டு இருந்தன. ஒன்று வாசல் பக்கம், எல்லோருக்கும் தெரிய. இன்னொன்று கட்டிலுக்கு அடியில், சாக்குப் போட்டு மூடி.

ரங்கூனில் தாமுவேயில் இருந்தோம். எனக்குப் பத்து வயது. அப்போது அரிசி கார்டுக்குத்தான் கிடைக்கும். நாங்கள் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள். கோயில் பெண்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு உலைக்கும், அரிசி களையும் முன் ஒரு பிடி எடுத்துச் சாமிக்கென்று டின்னில் போடுவார்கள். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அப்பா வீடு வீடாகப் போய் அதை வாங்கி வருவார். கோயில் கமிட்டியில் அது அவர் பொறுப்பு. சாக்கின் வாயைப் பிடிப்பது என் வேலை.

அம்மா இரண்டு பிடி எடுப்பதைப் பார்த்தேன். ஒன்று வாசல் டின்னுக்கு. ஒன்று கட்டிலடி டின்னுக்கு.

சனிக்கிழமை மத்தியானம், அப்பா வேலையில் இருக்கும் நேரம், கோயில் பெண்கள் நாலு பேர் வருவார்கள். முந்தானைக்குள் ஏதோ இருக்கும். கதவைச் சாத்துவார்கள். பிறகு மொஹிங்கா என்கிற மீன்குழம்புச் சேமியா விற்கும் கடை அமா வருவாள். அமா என்றால் பர்மியத்தில் அக்கா. வரும்போது வெறும் கூடை. போகும்போது கனக்கும்.

என்னைக் கண்டால் பேச்சு நிற்கும். என் அக்காவுக்கு மட்டும் உள்ளே இடம். அவள் பத்தாவது பாஸ் செய்திருந்தாள். அப்பா மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்.

சாமி அரிசியைத் திருடி விற்கிறார்கள். அப்படித்தான் முடிவு கட்டினேன். அப்பாவிடம் சொன்னேன்.

அப்பா டின்னை இழுத்து நடுவீட்டில் வைத்தார்.

"சாமி அரிசியிலயே கை வச்சியா?"

"சாமி பங்கு வாசல்ல இருக்கு. இது என் பங்கு. நான் திங்காத சோறு" என்றாள் அம்மா. "பெரியவ காலேஜுக்குப் போகணும். புஸ்தகம் வேணும், பஸ்ஸுக்கு வேணும்."

"பொண்ணு படிச்சு?"

"வேலைக்குப் போவா. என்னை மாதிரி ஒருத்தர் முன்னால கை நீட்டிக்கிட்டு நிக்க மாட்டா."

அப்பா டின்னைத் தூக்கினார். அந்த அரிசியை வாசல் டின்னில் கொட்டினார்.

ஞாயிறு வந்தது. சாக்கோடு போனோம். முதல் வீட்டில், "இந்த வாரம் இல்லண்ணே" என்றார்கள். அடுத்த வீட்டில் டின்னையே கவிழ்த்துக் காட்டினார்கள். மூன்றாவது வீட்டு அம்மாள் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தாள்.

"எங்ககிட்ட ஏதுண்ணே? உங்க வாசல் டின்னுதான் ரொம்பி வழியுதாமே. அங்கேயே அள்ளிக்குங்க."

தெருவே சிரித்தது. எல்லாரும் கூட்டுக் களவாணிகள் என்று நினைத்தேன்.

அப்பா சாக்கை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துக் கேட்டார்.

"காலேஜுல எப்ப சேரணுமாம்?"

"நாளைக்குக் கடைசி நாள்" என்றாள் அம்மா.

அடுத்த ஞாயிறு சாக்கு நிறைந்தது.

அக்கா படித்தாள். டீச்சர் ஆனாள். சம்பளம் அவள் கையில் இருந்தது.

ஆனாலும் கட்டிலடி டின் போகவில்லை. அம்மா இரண்டாவது பிடியை நிறுத்தவில்லை. அக்காதான் சம்பாதிக்கிறாளே, இன்னும் எதற்கு? சந்தேகம் எனக்குத் தீரவில்லை. கவனித்துக்கொண்டே இருந்தேன்.

படிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. ஒன்பதாவதோடு நின்றுவிட்டேன். இனிப் போக மாட்டேன் என்று நான் சொன்ன அன்று, அம்மா அந்த டின்னைக் கழுவி வெயிலில் கவிழ்த்து வைத்தாள்.

அப்பாடா, களவு நின்றது என்று நினைத்தேன்.

அந்தப் பிடி எனக்கு என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.