ஒரு கேட்சர் தேவை

லோவல் ஸ்டம்போவுக்கு முப்பத்து நாலு வயது. முழங்காலுக்கு மட்டும் அறுபது. பேஸ்பாலில் மட்டைக்காரனுக்குப் பின்னால் முகமூடி மாட்டிக்கொண்டு குந்தி உட்கார்ந்து, வீச்சாளன் எறிவதையெல்லாம் வாங்கிக்கொள்கிறவனைக் கேட்சர் என்பார்கள். அந்த வேலைதான் அவனுக்கு. அதிலும் முதல் கேட்சர் இல்லை, இரண்டாமவன். முதல் கேட்சருக்கு வயிறு சரியில்லை என்றால் இவனைக் கூப்பிடுவார்கள். வெயில் மண்டையைப் பிளக்கிற ஞாயிற்றுக்கிழமை என்றால் கூப்பிடுவார்கள். எப்படியும் தோற்கப்போகிற ஆட்டம் என்றால் கண்டிப்பாகக் கூப்பிடுவார்கள். எங்கள் லூயிவில் ஃபெரிமென் அணியின் ரசிகர்களில் பாதிப் பேருக்கு அவன் பெயரைச் சரியாகச் சொல்லத் தெரியாது. ஆனால் அவனிடம் பந்து எறிந்த எவனும் அவனை மறந்ததில்லை.

கிழக்குக் கென்டக்கி மலைப்பக்கத்தில் சுரங்கத் தொழிலாளி ஒருவருக்குப் பிறந்தவன். பள்ளிக்கூடம் முடித்த கையோடு பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியதுதான், அப்புறம் ஊர் ஊராகப் பிழைப்பு. சின்ன அணிகளின் பஸ்களில் உட்கார்ந்தபடியே தூங்கப் பழகினான். குளிர்காலத்தில் டொமினிக்கன் நாட்டுக்குப் போய் ஆடினான், அங்கே அவர்கள் பேசும் ஸ்பானிஷும் வசைச் சொற்களும் சேர்ந்தே வாய்க்கு வந்தன. அயோவாவில் இருந்தபோது நடீனைக் கட்டிக்கொண்டான். அவள் பாட்டு டீச்சர். போன ஊரிலெல்லாம் ஏதாவது பள்ளிக்கூடத்தில் லீவில் போன டீச்சருக்குப் பதிலாகப் பாட்டுச் சொல்லிக் கொடுப்பாள். பிள்ளைகளுக்கு அவள் பெயர் பழகுவதற்குள் அடுத்த ஊருக்கு வண்டி கட்ட வேண்டியிருக்கும்.

லூயிவில்லுக்கு வந்த பிறகுதான் அவர்களுக்கு மூச்சு வந்தது. ஆற்றுக்கு இந்தப் பக்கம், நாங்கள் இருக்கும் நியூ ஆல்பனியில் வீடு கிடைத்தது, நடீனுக்கு நிரந்தர வேலை கிடைத்தது, மகள் ஜோசிக்கு ஒரு தோழி கிடைத்தாள். போன அக்டோபரில் நடீன் வீட்டிலிருந்த காலி அட்டைப்பெட்டிகளையெல்லாம் கொல்லைக்கு இழுத்துவந்து கொளுத்தினாள். ஒவ்வொரு வீடு மாறும்போதும் மடித்து எடுத்துவைத்துக் காப்பாற்றிய பெட்டிகள்.

"இனிமே இந்த வாசல்ல வண்டி வந்து நின்னா, அதுல உன் சாமான் மட்டும்தான் ஏறும்" என்றாள். "நான் சும்மா சொல்லலை லோவல்."

அவள் சும்மா சொல்லுகிற ஆள் இல்லை என்பது அவனுக்குத் தெரியும். அடுத்த வருடமும் ஃபெரிமென்னில் இடம் வேண்டும், அவ்வளவுதான் அவன் கேட்டது. கோப்பை வேண்டாம், கைதட்டல் வேண்டாம்.

கோடையில் நடப்பது பந்தாட்டம், குளிர்காலத்தில் நடப்பது ஆள் மாற்றும் ஆட்டம். அணிக்கு நாற்பது பேர்தான் கணக்கு. புதிதாக ஒருவன் வந்தால் பழையவன் ஒருவன் வெளியே போக வேண்டும். வெளியே போனவனைச் சில நாள் தெருவில் நிறுத்திவைப்பார்கள். வேறு அணி கை தூக்கினால் அவன் அவர்கள் ஆள். அவன் சம்மதத்தை யாரும் கேட்பதில்லை. சந்தையில் மாடு பிடிக்கும்போதாவது பல்லைப் பார்ப்பார்கள்.

டிசம்பர் பிறந்ததும் பேப்பரில் எங்கள் அணிக்கு இன்னும் என்னென்ன தேவை என்று எழுதினார்கள். முதலாவதாக ஒரு நல்ல வீச்சாளன். இரண்டாவதாக ஒரு மாற்றுக் கேட்சர். பால் வாங்கப் போன லோவலிடம் மளிகைக்கடை வெர்ஜில் அந்தப் பக்கத்தை விரித்துக் காட்டினார். வெர்ஜிலுக்கு வேலையே பேஸ்பால்தான், மளிகை பொழுதுபோக்கு.

"ஏப்பா லோவல், நம்ம ஆளுங்களுக்கு ஒரு மாத்துக் கேட்சர் வேணுமாம். உனக்குத் தெரிஞ்சவன் எவனாச்சும் இருந்தா சொல்லேன்."

"நான்தானே வெர்ஜில் மாத்துக் கேட்சர்."

"அதான் எனக்கும் புரியலை. நீ இருக்கும்போதே நீ இல்லைங்கிறான். ஒருவேளை நீ இல்லையோ?"

லோவல் சிரித்துவைத்தான். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அது குடைந்துகொண்டே இருந்தது. மேஜைமேல் சோறு இருக்கும்போதே சோறு தேவை என்று எழுதினால் என்ன அர்த்தம்? சோறு ஊசிப்போயிற்று என்றா?

அந்த வாரமே அடுப்படிச் சுவரில் இருந்த போன் அடித்தது. அணி நிர்வாகத்திலிருந்து ஹால்ஸி. லோவலைவிட ஆறேழு வயது இளையவன், ஆனால் ஆளைச் சேர்ப்பதும் கழிப்பதும் அவன் கையில்.

"லோவல், அந்த டொமினிக்கன் வீச்சாளன் எலிசியோ பிச்சார்டோ ஊர் பாக்க வர்றான். நாலு அணி அவன் பின்னாடி சுத்துது. ஓட்டல்ல வெச்சு விருந்து குடுத்தா எல்லா ஊரும் ஒரே மாதிரிதான் இருக்கும். உனக்குத்தான் அவன் பாஷை வருமே, ஒரு நாள் கூட இருந்து கவனிச்சுக்க. பணப் பேச்சு மட்டும் வேண்டாம்."

"செஞ்சுடறேன். ஹால்ஸி, அடுத்த வருஷம் என்னை..."

"நீ நம்ம வீட்டுப் பிள்ளைப்பா" என்று சொல்லி அவன் வைத்துவிட்டான். வீட்டுப் பிள்ளை என்றால் வைத்துக்கொள்வார்களா, இல்லை உரிமையோடு வெளியே அனுப்புவார்களா? நடீனிடம் கேட்டான். அவளுக்கும் பிடிபடவில்லை.

பிச்சார்டோ வந்தான். பெரிய வீச்சாளன்தான், ஆனால் போன கோடையில் கையை எங்கேயோ தொலைத்திருந்தான். தோளில் வலி இல்லை, முழங்கையில் வலி இல்லை. பந்து மட்டும் சொன்ன பேச்சைக் கேட்க மறுத்தது. நடீன் ஆட்டுக்கறியும் காய்கறியும் போட்டு ஒரு அண்டா பர்கூ வைத்திருந்தாள், கென்டக்கிக்காரர்களின் கெட்டிச் சூப்பு. அவன் அதில் ரெண்டு கிண்ணம் குடித்துவிட்டு, சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல், கொஞ்சம் பந்து எறியலாமா என்றான். வெளியே பனி. நடீன் பள்ளிக்கூட உள்ளரங்கின் சாவியைக் கொடுத்தாள்.

லோவல் குந்தினான். எந்தப் பந்து எறிய வேண்டும் என்று கேட்சர் தொடைக்கு நடுவே விரலைக் காட்டுவது வழக்கம். லோவல் காட்டவில்லை.

"விரலைக் காட்டு கிழவா."

"உனக்கு எது வருதோ அதை எறி. நான் எங்க போயிடப் போறேன், இங்கதானே குந்தியிருக்கேன்."

முதல் பந்து கூடைப்பந்து வளையத்தில் போய் மோதியது. அடுத்தது சுவரில். லோவல் ஒவ்வொன்றையும் தானே ஓடிப்போய் எடுத்துவந்தான். போகும்போதும் வரும்போதும் பேச்சு, பந்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. டொமினிக்கனில், சான் பெத்ரோவில் ஒரு முறை ஆட்டத்தின் நடுவே மைதானத்துக்குள் ஆடு புகுந்ததையும், நடுவர் அதைத் துரத்திக்கொண்டு ஓடி விழுந்ததையும் சொன்னான். பிச்சார்டோ சிரித்துக்கொண்டே எறிந்தான். சிரித்துக்கொண்டே எறிந்த பந்து லோவலின் கையுறையில் வந்து பட்டெனச் சத்தம் போட்டது. அடுத்ததும் போட்டது. அதற்கடுத்ததும்.

பிச்சார்டோ கொஞ்ச நேரம் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றான். கண் கலங்கியிருந்தது.

"போன கோடையில எனக்கு வாய்ச்ச கேட்சர் ஒவ்வொரு பந்துக்கும் எங்கிட்ட எழுந்து வருவான், கிழவா. நீ ஒரு தடவைகூட வரலை. நான் இங்கேயே வந்துடறேன். நீ பிடிக்கிறதா இருந்தா வர்றேன்."

சாயங்காலம் ஹால்ஸி போன் செய்தான். "என்ன சொன்னான்?"

இந்த இடத்தில்தான் எனக்கு லோவல்மேல் ஆத்திரம் வரும். நான் பிடித்தால் வருவானாம் என்று நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் மலைக்காரர்களுக்கு ஒரு நோய் உண்டு. தன் வாயால் தன்னைப் பற்றி நல்லதாகச் சொல்ல வேண்டியிருந்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அதுவும் தன் வேலையே ஊசலாடுகிற நேரத்தில் அப்படிச் சொன்னால், ஆளைப் பிடித்துவந்து பேரம் பேசுகிறான் என்றல்லவா நினைப்பார்கள்? பிச்சார்டோவே சொல்லிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டான்.

"ஊர் பிடிச்சிருக்குன்னான். பர்கூ ரெண்டு கிண்ணம் சாப்பிட்டான்" என்றான்.

பிச்சார்டோவும் சொல்லவில்லை. அவன் சார்பில் பேச ஒரு தரகர் இருந்தார். தரகர் வருடத்தையும் தொகையையும் பேசினாரே தவிர வேறெதுவும் பேசவில்லை. மறுநாள் மதியம் பேரம் முடிந்தது. வெர்ஜில் கடையில் அன்று காப்பி இலவசம். லோவல் சந்தோஷமாக வீட்டுக்கு வந்தான், சுவரில் போன் அடித்துக்கொண்டிருந்தது.

"பிரமாதம் லோவல். உன் பர்கூதான் ஆளை மடக்கிடுச்சு" என்றான் ஹால்ஸி. அப்புறம் குரலைத் தாழ்த்தினான். "ஒரு சின்ன விஷயம். நாப்பது பேர் கணக்கு நெறைஞ்சு போச்சு. பிச்சார்டோவுக்கு இடம் வேணும். அதனால உன்னைக் கணக்குலேருந்து நீக்கிட்டோம். பயப்படாதே, டிசம்பர்ல முப்பத்து நாலு வயசு மாத்துக் கேட்சரை எவன் எடுப்பான்? ஒருத்தனும் கை தூக்க மாட்டான். நாலு நாள் போகட்டும், வேற ஒப்பந்தம் போட்டு நாங்களே கூப்பிட்டுக்கறோம்."

வாழ்த்துக்கு நன்றி சொல்வதா, நீக்கியதற்கு ஏன் என்று கேட்பதா? "ஹால்ஸி, அவன் வர்றதே..." என்று ஆரம்பிப்பதற்குள், அடுத்த அழைப்பு காத்திருக்கிறது என்று ஹால்ஸி வைத்துவிட்டான். லோவல் திரும்ப அடித்தான், வேறு யாரோ எடுத்தார்கள். செய்தி ஏற்கெனவே எல்லா அணிகளுக்கும் போய்விட்டது என்றார்கள். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டோமா, இல்லையா என்றுகூட அவனுக்குத் தெளிவாகவில்லை.

"உன்னைத் தூக்கிட்டு, நீ கூட்டிட்டு வந்தவனைச் சேத்துக்கிட்டாங்களா?" என்று நடீன் கேட்டாள்.

"ஆமா."

"அவன் உனக்காகத்தானே வர்றான்?"

"ஆமா."

"இன்னொரு தடவை முதல்லேருந்து சொல்லு" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

கெடு முடிகிற நாளில் போர்ட்லண்ட் கை தூக்கியது. தேசத்தின் அந்தக் கோடி, பசிபிக் பக்கம். அவர்களுடைய கேட்சர் வேட்டைக்குப் போன இடத்தில் மணிக்கட்டை உடைத்துக்கொண்டானாம்.

அன்று மாலையே பிச்சார்டோவுக்கு அணிச் சட்டை போட்டுவிடும் விழா. வெர்ஜில் கடை டெலிவிஷனில் லோவலும் பார்த்தான். இந்த ஊரை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்று ஒரு நிருபர் கேட்டார். பிச்சார்டோ மொழிபெயர்ப்பாளருக்குக் காத்திராமல் தன் உடைந்த ஆங்கிலத்திலேயே சொன்னான். "லோவலுக்காக. அவன் பிடிச்சாத்தான் என் பந்து போகுது. எங்கே அவன், கூப்பிடுங்க." பக்கத்தில் நின்ற ஹால்ஸியின் முகம் செத்துவிட்டது. வெர்ஜில் டெலிவிஷனையும் லோவலையும் மாறி மாறிப் பார்த்தார்.

இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே ஹால்ஸி கூப்பிட்டான். போர்ட்லண்டிடம் கேட்டுப் பார்த்தானாம், என்ன வேண்டுமானாலும் தருகிறோம் என்றானாம். அவர்களும் டெலிவிஷன் பார்க்கிறவர்கள்தானே, கொடுக்க மாட்டோம் என்றுவிட்டார்கள்.

"நீ ஏன்பா எங்கிட்ட அப்பவே சொல்லலை?"

"நீங்க ஏன் என்னைக் கேக்கலை?" என்றான் லோவல். வாழ்க்கையில் முதல் தடவையாக அவனே முதலில் போனை வைத்தான்.

மறுநாள் பேப்பரில், எங்கள் அணிக்கு இன்னும் தேவைப்படுவது ஒன்றே ஒன்று, பிச்சார்டோவுக்குப் பிடித்தமான ஒரு கேட்சர் என்று போட்டிருந்தார்கள். நடீன் அதைப் படித்துவிட்டு மடித்துவைத்தாள்.

"இப்ப உன்னை எத்தனை பேர் கேக்குறாங்க?"

"ரெண்டு. போர்ட்லண்ட், அப்புறம் இவங்க."

"மூணு. நானும்தான் கேக்குறேன்" என்றாள். "அவங்களுக்குச் சட்டம் இருக்கு, கெடு இருக்கு, கை தூக்குனா ஆள் கிடைக்குது. நான் எந்தக் கையைத் தூக்கணும், சொல்லு."

ஆட்டத்தை விட்டுவிடுகிறேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தான். விட்டுவிட்டு என்ன செய்வது என்று தெரியாததால் அது பாதியில் நின்றது.

"நீங்க ரெண்டு பேரும் வர்றீங்களா நடீன்?"

அவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள். பனியில் ஜோசியும் தோழியும் எதையோ உருட்டிக்கொண்டிருந்தார்கள்.

"எனக்குத் தெரியலை. போய் முதல்ல பெட்டி வாங்கிட்டு வா. இருந்ததையெல்லாம் நான் எரிச்சுட்டேன்."

வெர்ஜில் கடையின் பின்கட்டில் காலி அட்டைப்பெட்டிகள் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தன. பீன்ஸ் டப்பா வந்தவை, சோப்பு வந்தவை. வெர்ஜில் ஏணியைச் சாய்த்து ஏறினார்.

"எத்தனைப்பா வேணும்? உன் சாமானுக்கு மட்டுமா, வீட்டுக்கே சேத்தா?"

லோவல் இடது கையால் ஏணியைப் பிடித்துக்கொண்டான்.

"விரலைக் காட்டு போதும், உனக்குப் பழக்கமானதுதானே" என்றார் வெர்ஜில் மேலே இருந்தபடி.

லோவல் வலது கையைக் கோட்டுப் பையிலிருந்து வெளியே எடுத்தான். அதைப் பார்த்தான். திரும்பவும் உள்ளே விட்டுக்கொண்டான்.