குகதாசன் கொண்டுவராத மாப்பிள்ளை

கோப்பாய்க் குகதாசனுக்குக் கண்ணீர் மலிவு. கலியாண வீட்டில் தாலி ஏறும்போது பெண்ணைப் பெற்றவளுக்கு முன் இவர் அழுவார். பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக் குழந்தை உதடு பிதுக்கினால் இவருக்கு மூக்குச் சிவந்துவிடும். தபாற்கந்தோர் வேலையிலிருந்து இளைப்பாறியவருக்குச் சிறுவர் பாதுகாப்பு ஆய்வொன்றில் வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்கும் வேலை கிடைத்தபோது, "உங்களுக்கேனப்பா உந்த வேலை? முதல் வீட்டிலையே ஒப்பாரி வைக்கப் போறியள்" என்றாள் மனைவி.

ஆனால் அவருக்கு ஒரு காரணம் இருந்தது. சண்டிலிப்பாயில், வீட்டில் அடிவாங்கும் பிள்ளைகள் வந்து மனம் ஆறிப் போக ஒரு சின்ன நிலையம் நடந்துவந்தது. ஒரு அறை, ஒரு ஊஞ்சல், அவ்வளவுதான். அந்தப் பகுதியில் அதற்குத் தேவை இருப்பதாக ஆய்வு காட்டாவிட்டால் மூடிவிடுவதென்று மேலிடம் தீர்மானித்திருந்தது. அந்த ஊஞ்சலில் ஆடாமல், பேசாமல், கயிற்றை மட்டும் இறுகப் பிடித்தபடி இருந்த சிறுமி ஒருத்தியைக் குகதாசன் கண்டிருந்தார். அந்த ஊஞ்சலைக் கழற்றுவதா? அதற்காகவே இந்த வேலைக்கு ஒப்புக்கொண்டார்.

வெள்ளை வேட்டி, சந்தனப் பொட்டு, கக்கத்தில் குடையும் தோற்பையுமாக நிலையத்துக்குப் பக்கத்திலிருந்த ஒழுங்கைக்குள், அந்தச் சின்னத் தெருவுக்குள், இறங்கினார். முதல் வீடு ஞானாம்பிகையுடையது. ஆய்வு என்று அவர் விளக்கியதற்கெல்லாம் அவள் தலையாட்டினாள்.

"வீட்டிலை எத்தனை பிள்ளையள், தங்கச்சி? என்ன வயது?"

ஞானாம்பிகையின் முகம் பூத்தது. "மூத்தவள் கீர்த்திகா, படிச்சு முடிச்சிட்டாள். மற்றது கடைக்குட்டி. இருங்கோ அண்ணை, தேத்தண்ணி குடியுங்கோ."

தேநீரோடு வடை வந்தது. வடையோடு பட்டுச்சேலையில் கீர்த்திகாவும் வந்தாள். குகதாசனுக்கு உபசரிப்பில் கண் கலங்கியது.

"பிள்ளையளுக்கு அடிக்கிறனியளோ?"

"சிவசிவா! இந்த வீட்டிலை கையோங்கிற பழக்கமே இல்லை."

"அப்ப கூரையிலை செருகிக் கிடக்கிற பூவரசந் தடி?" என்று கதவுக்குப் பின்னாலிருந்து கடைக்குட்டியின் குரல் கேட்டது.

"அது கொப்பை வளைச்சுச் சாமிக்குப் பூ ஆயிற தடி, அண்ணை!"

ஒழுங்கை முழுவதும் இதே கதை. எல்லா வீட்டிலும் வடை, எல்லா வீட்டிலும் அன்பு. ஒரு வீட்டிலும் அடியில்லை. கடைசியில் எதிர்வீட்டு அருளம்பலம் அவரை வாசற் படலையடியில் மறித்தார்.

"அண்ணை, மறைக்காமல் சொல்லுங்கோ. மாப்பிள்ளை கனடாவோ, லண்டனோ?"

"என்ன மாப்பிள்ளை?"

"ஞானாம்பிகையின்ரை பெட்டையைத்தானே விசாரிக்கிறியள்? எங்களிட்டையும் ஒருத்தி இருக்கிறாள். அந்த வீட்டிலை பிள்ளையளைப் போட்டு அடிக்கிற அடி ஊருக்கே கேக்கும். எங்கடை வீடு அப்பிடியில்லை."

படலைக்கு அப்பால் ஞானாம்பிகை கையசைத்துக் கூப்பிட்டாள். "உவரை நம்பாதேங்கோ. உவர் கோவம் வந்தால் பெல்ட்டைக் கழட்டுவார்!"

குகதாசன் அன்றே யாழ்ப்பாணம் போய், ஆய்வை நடத்தும் பர்ஹானாவின் முன்னால் விம்மினார். "மிஸ், எல்லாம் போச்சு. என்னைக் கலியாணத் தரகர் எண்டு நினைச்சு ஊரே புளுகியிருக்குது. ஊஞ்சலைக் கழட்டப் போறாங்கள்!"

பர்ஹானா சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைத் துடைத்தாள். "அழாதேங்கோ அண்ணை. தன்ரை வீட்டைப் பற்றி ஆர்தான் உண்மை சொல்லுவினம்? அயலைப் பற்றிக் கேக்கிற ஆய்வு முறையும் இருக்கு. பேர் வேண்டாம், வீடு வேண்டாம். 'இந்தச் சுற்றுவட்டாரத்திலை' எண்டு கேப்பம். முதல்லை நீங்கள் தரகர் இல்லையெண்டு தெளிவாய்ச் சொல்லிப்போடுங்கோ."

அடுத்த கிழமை குகதாசன் காற்சட்டையோடு போனார். மாப்பிள்ளை இல்லையென்றதும் வடை நின்றுபோனது. ஆனால் அயலைப் பற்றிக் கேட்டதும் ஒழுங்கையின் வாய் மடைபோலத் திறந்தது. பெயர் சொல்ல வந்தவர்களை நிறுத்துவதே பெரும் பாடாயிற்று. தேவை இல்லையென்று இனி எவரும் சொல்ல முடியாதபடி ஆய்வு முடிந்தது. நிலையம் தப்பியது, அடிக்காமல் வளர்ப்பது எப்படியென்று பெற்றோருக்கு வகுப்பும் சேர்ந்துகொண்டது.

முதல் வகுப்புக்குக் குகதாசன் கதிரை அடுக்கிக்கொண்டிருந்தபோது, கையில் பூவரசந் தடியோடு ஞானாம்பிகை வந்தாள். வெளியே கடைக்குட்டி ஊஞ்சலில் ஏறிவிட்டது.

"உதை எங்கை போடுறது, அண்ணை?"

குகதாசன் தடியை வாங்கினார். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

ஞானாம்பிகை மெல்லக் கிட்ட வந்தாள். "அழாதேங்கோ. உண்மையைச் சொல்லுங்கோ. ஒரு மாப்பிள்ளைகூடக் கைவசம் இல்லையோ?"