ஈரத்தில் பார்க்க வேண்டிய நிறம்

மாட்டுக் கொட்டகைத் தூணில் தொங்கும் மஞ்சள் பைக்குள் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பா இருக்கிறது. அதன்மேல் வெளிர் ரோஜா நிறத்தில் தொடங்கி அடர் கத்தரிப்பூ நிறம் வரை வரிசையாகக் கட்டங்கள். டப்பாவிலிருந்து ஒரு சோதனைப் பட்டையை எடுத்துச் சினைமாட்டின் மூத்திரத்தில் நனைத்து, அது மாறும் நிறத்தை இந்தக் கட்டங்களோடு ஒப்பிட வேண்டும். கத்தரிப்பூப் பக்கம் போனால் ஆபத்து. விடியற்காலையில், தூக்கம் கலையாத கண்ணோடு மாட்டின் பின்னால் குவளையைப் பிடித்து நிற்கும்போதெல்லாம் என் மாமனாரின் ஞாபகம்தான். அவர் இதோ வீட்டுக்குள்தான் படுத்திருக்கிறார். நான் நினைப்பது போன சினையின்போது இருந்த மாமாவை.

அப்போது அவர் அருள்புரத்தில் ஒரு சாயப்பட்டறையில் துணிக்குச் சாயம் ஏற்றும் டையிங் மாஸ்டர். ஷேடு விஷயத்தில், அதாவது நிறம் கூடியதா குறைந்ததா என்பதில், அவர் சொன்னால் சொன்னதுதான். நான் ஆசையாகப் புடவை எடுத்து வந்தால், "நல்லாத்தான் இருக்குது கண்ணு, என்ன, மஞ்ச கொஞ்சம் தூக்கலா அடிக்குது" என்பார். அதற்கப்புறம் அதைக் கட்ட மனசே வராது. எங்கள் மாட்டுக்கு அதற்கு முன்பே ஒரு சினை கலைந்திருந்தது. இந்தத் தடவையும் கன்று தங்காவிட்டால் மாட்டை விற்றுவிடுவது என்று என் வீட்டுக்காரர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மாமாவுக்கோ அந்த மாடு என்றால் உயிர். மறுபடி கலைந்துவிடுமோ என்று, கை விட்டுச் சினை பார்க்கவே அவர் விடவில்லை. மாட்டு ஆஸ்பத்திரி டாக்டரம்மாவும் அதற்கு இணங்கி, மூத்திரத்தை ஆய்வகத்துக்கு அனுப்பி, அதிலிருந்த ஹார்மோனை வைத்தே சினை நிற்பதை உறுதி செய்தார். கடைசி மாதங்களில் மாடு தீனி குறைத்ததும் இந்த டப்பாவைக் கொடுத்து, உடம்புக் கொழுப்பு கரைந்து மூத்திரத்தில் கீட்டோன் ஏறுகிறதா என்று தினமும் பார்க்கச் சொன்னார்.

மாமா அந்த டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அட, நம்ம ஷேடு கார்டுங்க!" என்று சிரித்த சிரிப்பு இன்னும் கண்ணில் நிற்கிறது. அதன்பின் யாரையும் அவர் தொடவிடவில்லை. நான் மூத்திரம் பிடித்துக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போக பனியன் கம்பெனி வேனுக்கு ஓடுவேன். அவர் பட்டையை நனைத்து, ஒரு வெள்ளை பனியன் துணிக்கு நடுவில் வைத்து, இஸ்திரிப் பெட்டியால் மெல்ல ஒற்றிக் காயவைப்பார். பிறகு வாசல் வெளிச்சத்தில் கட்டங்களோடு வைத்துப் பார்ப்பார். பட்டறையில் அப்படித்தான். ஈரத் துணி நிறத்தைக் கூட்டிக் காட்டும், காயாமல் ஷேடு சொல்லவே கூடாது. சாயத்திலேயே பிழைக்கும் ஊர்க்காரியான எனக்கும் அதில் ஒரு தப்பும் தோன்றவில்லை. தினமும் வெளிர் ரோஜாதான் வந்தது. மாடு மட்டும் இளைத்துக்கொண்டே போனது.

ஒரு நாள் அது எழுந்திருக்கவில்லை. டாக்டரம்மா வந்து பட்டையை நனைத்ததும், எங்கள் கண்ணெதிரே அது கத்தரிப்பூவாகக் கறுத்தது. மாமா பதறவில்லை. "பொறுங்கம்மா, காய வெச்சுப்போட்டுப் பாக்கோணும். காஞ்சா நெறம் எறங்கீருமுங்க" என்று சொல்லிக்கொண்டே இஸ்திரிப் பெட்டியை எடுக்கப் போனார். டாக்டரம்மா பட்டையை டப்பாவின் கட்டங்களோடு வைத்துக் காட்டினார். பிறகு, "ஈரத்துலயே பாக்கணுங்க அய்யா. சூடு பட்டா நிறம் செத்துரும்" என்றார். குளுக்கோஸ் ஏற்றி மாட்டைப் பிழைக்க வைத்தார்கள். கன்று செத்தே பிறந்தது. தென்னைக்கு அடியில் மாமாவே குழி வெட்டினார், யாரையும் மண்வெட்டியைத் தொடவிடவில்லை. என் வீட்டுக்காரர் மாட்டை விற்கும் பேச்சை எடுத்தபோது, "தப்பு அதுதில்லடா, என்னைய வித்துப்போடு" என்றார். அந்தப் பேச்சு அதோடு நின்றது. ஆனால் பட்டறையில் மாமாவுக்கு ஷேடு சொல்ல வாய் எழவில்லையாம், பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட்டுக் கேட்டாராம். அப்புறம் கண்ணைக் காரணம் சொல்லி வேலையிலிருந்து நின்றுவிட்டார். புடவையைக் காட்டினால்கூட, "நீயே பாத்துக்க கண்ணு" என்பதோடு சரி.

இப்போது மாடு மறுபடியும் சினை. ஷிப்ட் முடித்து வந்த உடம்பு விடிவதற்குள் ஆறுவதில்லை. மாடோ என்னைக் காக்க வைத்துத்தான் மூத்திரம் விடுகிறது. சில நாள் அதன் முதுகிலேயே சாய்ந்து தூங்கலாம் போலிருக்கும். இன்றைக்குப் பட்டையில் வெளிர் ரோஜாவுக்குமேல் ஏறவில்லை. டப்பாவை மூடும் சத்தம் கேட்டதும் உள்ளேயிருந்து வழக்கம்போல மாமாவின் குரல் வந்தது.

"ஈரத்துலயே பாத்தியா கண்ணு?"

"ஆமாங்க மாமா, ஈரத்துலயேதான் பாத்தனுங்க."

டப்பாவைப் பைக்குள் வைக்கப் போகும்போது, "இன்னொருக்கா பாத்துரு சாமி" என்றார். இன்னொரு பட்டையை எடுத்தேன்.