சந்தனம் படிந்த ஜாய்ஸ்டிக்

அண்ணனின் வீடியோ கேம் ஜாய்ஸ்டிக்கில், குச்சியைச் சுற்றியுள்ள வட்டப் பள்ளத்தில் காய்ந்த சந்தனம் இன்னும் ஒட்டியிருக்கிறது. தொண்ணூறுகளின் கடைசியில், செலண்டாரில் இருந்த எங்கள் வீட்டில், ஓர் ஆயுத பூஜைக்கு அம்மா வைத்த பொட்டு அது. அப்பாவின் லோரிக்கும் தையல் மெஷினுக்கும் வைத்துவிட்டு வந்தவள், “அவனுக்குன்னும் ஒரு சாமான் இருக்குல்ல?” என்று இதற்கும் வைத்தாள்.

அண்ணனுக்குத் தசை வலுவிழக்கும் நோய். பதினேழு வயதில் அவன் கைகளில் சொன்ன பேச்சைக் கேட்டது இடது கட்டைவிரல் ஒன்றுதான். திரையில் ஓடும் காரை அவன் வளைப்பான்; வேகத்துக்கான பட்டனை நான் அழுத்துவேன். கார் எங்கே முட்டினாலும் திட்டு எனக்குத்தான். அப்படியொரு வாய்க்கொழுப்பு அவனுக்கு.

பூஜை முடிந்த வாரமே கார் வலப்பக்கம் திரும்ப மறுத்தது. “ஐயோ, என் கையாலயே கெடுத்துட்டேனே” என்று அம்மா அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. மறுநாளே பஸ் பிடித்து, கேம் செட்டோடு அதை ஜாசின் டவுனில் ரேடியோ பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோனேன். கழற்றிக் காட்டினார். அடியிலிருக்கும் பிளாஸ்டிக் துண்டுகள் உரசி உரசி வெள்ளைப் பொடியாகுமாம். அந்தத் துண்டு மட்டும் தனியாக எங்கும் விற்பதில்லை, தேய்ந்தால் முழுதாகத் தூக்கிப் போட வேண்டியதுதான் என்றார். பிறகு விளக்கருகே வைத்துப் பார்த்து, “இது தேயவே இல்லலா, தங்கச்சி. சந்தனமும் உள்ள இறங்கல. நல்லாத்தான் இருக்கு” என்று சிரித்தார். அவர் கடை டிவியில் நானே ஓட்டிப் பார்த்தேன். சொன்னபடி திரும்பியது.

சந்தோஷமாக ஓடிவந்து அண்ணன் கையில் வைத்தேன். வளைவு வந்தது. கார் சுவரில் முட்டியது. திரும்பவும் முட்டியது. மூன்றாம் முறை அவன் விரல்மேல் என் விரலை வைத்துத் தள்ளினேன். கார் அழகாகத் திரும்பியது. ஓய்ந்துபோனது அவன் விரல்தான். திரையையே பார்த்துக்கொண்டிருந்தவன், “பார்ட்ஸ் கிடைக்கலன்னு அம்மாகிட்ட சொல்லிடுலா” என்றான். மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். போய்ச் சொன்னேன்.

இரண்டு வருடத்தில் அண்ணன் போய்விட்டான். அம்மாவுக்கு இப்போது எழுபது வயது. இந்த வருடப் பூஜையிலும் என் காருக்குப் பொட்டு வைத்தவள், நான் கைப்பேசியை நீட்டியதும் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். “வேணாம்மா. நான் வச்சா கெட்டுடும்.”

அன்று பெட்டியிலிருந்து அண்ணனின் ஜாய்ஸ்டிக்கை எடுத்து, குச்சியை வலப்பக்கம் தள்ளி விட்டேன். தானாக நடுவுக்கு வந்து நின்றது. ஒரு தேய்மானமும் இல்லை. அதை நான் அம்மாவிடம் எப்படிச் சொல்வேன்?