தேவானையின் இடது கால்

தேவானை எட்டாவதோடு நின்றவள். தங்கை கயலை நர்ஸ் படிப்பு வரை கொண்டுவந்து நிறுத்தியவள் அவள்தான். கயலின் வெள்ளைக் கோட்டைத் தன்னைத் தவிர வேறொருவர் தேய்க்க விடமாட்டாள். அந்தப் படிப்புக்காக, சாந்தோமில் மீன் விற்றது போக, இன்னொரு வேலையும் பார்த்தாள்.

மயிலாப்பூரில் ஒரு மாடியில் வாஜித் என்ற புகைப்படக்காரர் பழைய மரக் கேமராவில், கண்ணாடித் தகட்டில் படம் எடுப்பார். மனிதக் கைகள், கால்கள், முதுகுகள்; முகம் கிடையாது. தேவானை சேலையை முழங்கால் வரை ஏற்றிக்கொண்டு பதினோரு விநாடி அசையாமல் உட்கார வேண்டும். மூச்சுகூட விடமாட்டாள். இது குப்பத்தில் யாருக்கும் தெரியாது, கயலுக்கும் தெரியாது.

முகம் வராது என்று நிம்மதியாக இருந்தவள் தழும்பை மறந்துவிட்டாள். இடது முழங்காலுக்குக் கீழே, கஞ்சி கொட்டி வெந்த தழும்பு.

கயலின் கல்யாணத்துக்கு ஒன்பது நாள் இருக்கையில் மாப்பிள்ளை அறிவின் அக்கா மேகலா போன் செய்தாள். அவள் அடையாறில் ஒரு கண்காட்சிக் கூடத்தில் துப்புரவு வேலை பார்ப்பவள். உடனே வராவிட்டால் தன் அம்மாவைக் கூட்டிவந்து, அங்கே தொங்கும் படத்தைக் காட்டிவிடுவேன் என்றாள். தேவானை அப்படியே பஸ் ஏறினாள். கல்யாணம் நின்றால் கயலிடம் எந்த வாயால் சொல்வது?

கூடத்துச் சுவரில் வாஜித்தின் கண்ணாடித் தகடு; அதில் இரண்டு கால்கள். தழும்பு பளிச்சென்று தெரிந்தது.

"பரிசத்தன்னிக்கு குழாயாண்ட கால் கழுவுனியே, அப்பவே பாத்தேன். ஊரே பாக்கற மாதிரி இங்க தொங்கவுட்டுக்கினு, எங்க வூட்ல பொண்ணு குடுக்க வந்துட்டியாக்கா?"

தன் படங்களைக் காட்சிக்கு வைத்திருந்த வாஜித் பக்கத்திலேயே நின்றார். மேகலாவின் காலில் விழுந்துவிடலாம் என்று குனிந்த தேவானை, மறுபடி படத்தைப் பார்த்தாள். தழும்பு வலது காலில் இருந்தது. அந்தத் தகட்டில் விழும் உருவம், முகம் பார்க்கும் கண்ணாடியில் போல, இடம் வலம் மாறித்தான் வரும். வாஜித் எப்போதோ சொன்னதுதான்.

சேலையைத் தூக்கினாள்.

"நல்லா பாரு. எனக்கு இந்தக் காலு. அதுல அந்தக் காலு."

மேகலா படத்துக்கு முதுகைக் காட்டி நின்று, தன் காலைத் தொட்டுத் தொட்டுச் சரிபார்த்தாள். பிறகு வாஜித்திடம் இது யாரென்று கேட்டாள். தேவானை அவர் முகத்தையே பார்த்தாள்.

"யாரோ ஒரு அம்மா" என்றார் அவர். "இறந்துட்டாங்க."

மேகலா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "தப்பா நெனச்சுட்டேன்கா. மனசுல வச்சுக்காத. பாவம், இன்னா அழகா கீது காலு."

"ஆமா, பாவம்" என்றாள் தேவானை. அவளைத் தனியாக எடுத்த படம் வேறு எங்கும் இல்லை.

கயலின் கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. தேவானை அந்த மாடிக்கு அப்புறம் போகவில்லை. செத்துப்போனவள் எப்படிப் போவாள்?