லித்தியம் குறைந்த நாள்

என் மாமா, அம்மாவின் ஒரே தம்பி, பொன்னமராவதியில் செல்போன் கடை வைத்திருந்தார். ஒரு வருஷம் அவருக்கு உறக்கம் போய்ச் சந்தோஷம் தலைக்கேறிவிட்டது. கேட்டவர், கேட்காதவர் என்று பாராமல் தெருவில் எல்லா வீட்டுக்கும் சொந்தச் செலவில் பச்சைப் பெயிண்ட் அடித்தார். பிறகு மாதக்கணக்கில் அறையை விட்டே வெளியே வரவில்லை. டாக்டர் லித்தியம் மாத்திரை எழுதிக் கொடுத்த பிறகுதான் மாமா மறுபடி மாமாவானார்.

அம்மாவுக்கு அது போதவில்லை. நோய் அடியோடு போகவேண்டும் என்று மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டாள். பங்குனியில் காப்புக் கட்டியதிலிருந்து மாமாவுக்கு உப்பில்லாச் சாப்பாடு. மாத்திரையை அவள் நிறுத்தவில்லை. அவ்வளவு அசடு இல்லை என் அம்மா. மாமாவும் வெயிலில் சைக்கிள் மிதித்து வியர்த்து வழிந்து வந்து, சப்பென்ற ரசத்தைக் கும்பிட்டுவிட்டுக் குடிப்பார்.

சில நாட்களில் அவர் கை நடுங்கத் தொடங்கியது. டம்ளர் தண்ணீரில் பாதி சட்டையில் விழுந்தது. நடை தள்ளாடியது. பக்கத்து வீட்டு அத்தை பார்த்ததுமே கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

“ஆத்தா எறங்கிட்டா! வேப்பெலை கொண்டாங்க!”

அவ்வளவுதான், வாசலில் கூட்டம். அம்மா பூரித்துப்போனாள். சாமியே நம் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது சும்மா விடலாமா? கணக்குப் பரீட்சையில் பாஸாவேனா என்று கேட்டேன். மாமா என்னை உற்றுப் பார்த்தார். பிறகு வாந்தி எடுத்தார்.

“எனக்கு என்னமோ பண்ணுதுக்கா. ஆஸ்பத்திரிக்குப் போவோம்” என்றார், வாய் குழற. வேப்பிலையோடு நின்ற அம்மாவின் முகம் வெளிறிவிட்டது.

புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் ரத்தத்தில் லித்தியம் எவ்வளவு என்று அளந்து பார்த்தார்கள். இருக்கவேண்டியதைவிட மிக அதிகம். மாத்திரை கூடுதலாகப் போட்டாரா என்று டாக்டர் கேட்க, இல்லவே இல்லை என்று அம்மா சத்தியம் செய்தாள்.

“அப்பறம் சாப்பாட்டுல ஏதாச்சும் மாத்துனீங்களாம்மா?”

அம்மா பெருமையாகவே விரதத்தைச் சொன்னாள். டாக்டர் நெற்றியில் அடித்துக்கொண்டார். உடம்பில் உப்புக் குறைந்தால் லித்தியம் வெளியேறாமல் தங்கிவிடுமாம். தங்கினால் விஷமாம். இப்போதைக்கு எதுவும் சொல்வதற்கில்லை என்றுவிட்டு, மாத்திரையை நிறுத்தி, உப்புநீரை நரம்பு வழியே ஏற்றினார். அம்மா வராந்தாவில் சரிந்து உட்கார்ந்து, “நானே எந் தம்பிய கொன்னுருவேன் போலருக்கே” என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

மறுநாள் மறுபடி ரத்தம் எடுத்தார்கள். சாயங்காலம் டாக்டர் வெளியே வந்தார்.

“கொறஞ்சிருச்சும்மா. இனிமே பயமில்ல.”

அம்மா ஓவென்று அழுதாள். நல்ல சேதிக்கு எதற்கு இந்த அழுகை என்று எனக்கு விளங்கவில்லை. உள்ளே மாமா, ஊறுகாய் கிடைக்குமா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

இன்றுவரை விளங்காதது இன்னொன்றும் இருக்கிறது. அம்மாவை அப்படி அலறவைத்த அந்த லித்தியம், பிரபஞ்சம் பிறந்த முதல் சில நிமிடங்களிலேயே கொஞ்சம் உண்டாகிவிட்டதாம். இன்றைக்கு என் பிழைப்பே அதுதான். மிகப் பழைய நட்சத்திரங்களின் ஒளியைப் பிரித்து, அவற்றில் லித்தியம் எவ்வளவு என்று அளக்கிறேன். ஆதியில் உண்டான ஹீலியம் கணக்கோடு ஒத்துப்போகிறது. லித்தியம் மட்டும் கணக்குச் சொல்வதில் பாதிகூடத் தேறுவதில்லை. மீதி எங்கே போயிற்று என்று விஷயம் தெரிந்தவர்களெல்லாம் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள்.

திரையில் எண் குறைவாக வரும்போதெல்லாம் உடன் வேலை செய்பவர்கள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொள்கிறார்கள். எனக்கோ கண் கலங்கி, அப்பாடா என்றிருக்கிறது. எழுந்து வெளியே வந்து ஊருக்குப் போன் போடுகிறேன்.

“கொறஞ்சிருச்சு மாமா.”

“நல்லவேள” என்கிறார் மாமா.